கோல்கீப்பருக்கு ஒரு மாலை போடுங்க!

பத்து பந்தைப் பிடித்தாலும் பேச்சு இருக்காது. ஒரு பந்து கை நழுவினால் போச்சு! ஊரே திட்டும். கோல்கீப்பர் பிழைப்பு அதுதான்.

ஸ்பெயின் வீரர் இகர் கசியாஸ் ஒன்பது வயதில் ரியல் மாட்ரிட் கிளப்பில் சேர்ந்தவர். 25 வருஷம் அங்கேயே இருந்தார். பெரிய அணிக்காக 725 ஆட்டம்! 2010-ல் கேப்டனாக உலகக் கோப்பையையும் தூக்கினார். 2015 ஜூலையில் கிளப்பை விட்டுப் போனபோது, நிருபர்கள் முன் தன்னந்தனியாக உட்கார்ந்து கண்ணீர் விட்டார். மேஜையில் பக்கத்தில் யாரும் இல்லை. கண்டனம் கிளம்பியது. மறுநாளே அவசர அவசரமாக இன்னொரு வழியனுப்பு நடத்தினார்கள்!

அது வெளியூர் கதை. நம்ம கதை என்ன? வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடிய பீட்டர் தங்கராஜ், முதலில் சென்டர் பார்வர்டு, பிறகுதான் கோல்கீப்பர். 1956, 1960 ஒலிம்பிக்கில் ஆடினார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். 2008-ல் காலமானார். இன்று எத்தனை பையன்களுக்கு அவர் பெயர் தெரியும்?

பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம் பக்கம் பந்தாடும் கிளப்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷக்கணக்கில் முழங்கை தேய விழுந்து பந்தைத் தடுத்தவர் விலகுகிறாரா? சத்தமில்லாமல் அனுப்பிவிடாதீர்கள். மைதானத்து நடுவில் நிற்க வைத்து ஒரு மாலை போடுங்கள். பெரிய செலவில்லை. அடுத்து அதே கோல் போஸ்டில் நிற்கப் போகிற பையன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்!