சின்னப் பலகைக்குக் கட்டாய ஓய்வா?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை. திரை கிடையாது. பெட்டி கிடையாது. டெலிவிஷனுடன் இணைத்தால் அதுவே கம்ப்யூட்டர்!

பெயர் ராஸ்பெரி பை. பிரிட்டனில் 2012 பிப்ரவரி 29-ந் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிப் பழகவேண்டும் என்று கேம்பிரிட்ஜ் நகரத்தில் செய்தார்கள். 2015-ல் ஒரு தம்பி பிறந்தான். அவன் விலை 5 டாலர்தான். ஒரு மாதப் பத்திரிகையின் அட்டையில் ஒட்டி, வாசகர்களுக்கு இனாமாகவே கொடுத்தார்கள்!

இந்த அண்ணன் தம்பிக்கு இப்பொழுது ஒரு சோதனை.

கணக்குப்பிள்ளை யார்?

வெறும் பலகை வேலை செய்யாது. எந்த வேலை முதலில், எந்தச் சாமான் எங்கே, யாரை உள்ளே விடலாம் என்று பார்த்துக்கொள்ள ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். அதைத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்கள். இதில் பி.எஸ்.டி. என்பது பழைய வம்சம். அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் 1978-ல் பிறந்தது. 1993-ல் பிரீ பி.எஸ்.டி., நெட் பி.எஸ்.டி. என்ற கிளைகள் தோன்றின. இரண்டும் இலவசம். இரண்டும் ராஸ்பெரி பையில் ஓடின.

2025 டிசம்பரில் பிரீ பி.எஸ்.டி.யின் 15-ம் பதிப்பு வெளிவந்தது. ஆர்ம்வி6 என்ற பழைய சில்லுக்கு அதில் இடமில்லை. அண்ணன் தம்பி இருவர் நெஞ்சிலும் இருப்பது அந்தச் சில்லுதான்! பிறகு வந்த 64 பிட் பலகைகளுக்குக் கவலையில்லை. அவற்றுக்கு 2021 முதலே முதல் வரிசை மரியாதை.

பழைய 14-ம் பதிப்பை வைத்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வரிசைக்குப் பராமரிப்பு 2028 நவம்பரோடு முடிகிறது. அப்புறம் திருடன் புதுச் சாவி செய்தால், பூட்டை மாற்ற ஆளில்லை. இன்டர்நெட்டில் இணைத்த கம்ப்யூட்டருக்கு இது பெரிய ஆபத்து. பலகை பழுதாகவில்லை, ஆனாலும் குப்பைக்குப் போக வேண்டுமா?

யார் மீது குற்றம்?

கைவிட்டவர்களைத் திட்டுவது எளிது. அவர்களில் பலர் சம்பளமில்லாமல் உழைக்கிறவர்கள். ஒவ்வொரு பதிப்பையும் ஒவ்வொரு சில்லுக்கும் தனியாகச் செய்து சோதிக்க வேண்டும். ஆளும் குறைவு, நேரமும் குறைவு. 2023-லேயே முன்னறிவிப்பும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே தப்பு சொல்வதற்கில்லை. அரசாங்கப் பள்ளியோ ஏழைப் பையனோ புதுப் பலகை வாங்கவேண்டியிருக்கிறதே என்பதுதான் நம் வருத்தம்.

நல்ல வேளை, மூல எழுத்து எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்து நடத்தலாம். நெட் பி.எஸ்.டி.காரர்களுக்குப் பழைய இயந்திரம் என்றால் உயிர். 2005-ல் ரொட்டி வாட்டும் அடுப்புக்குள் ஓர் ஆர்ம் பலகையை வைத்து, அதிலும் இதை ஓட்டிக் காட்டினார்கள்! 2012-ம் ஆண்டுப் பலகை எம்மாத்திரம்?

வீட்டில் அந்தப் பலகை இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நெட் பி.எஸ்.டி.யை ஒரு மெமரி கார்டில் எழுதிச் செருகினால் போதும். சினிமா பார்க்க உதவாது. முதலில் வந்த பலகையின் ஞாபகசக்தி வெறும் 256 எம்.பி. பையன் கட்டளை எழுதிப் பழக அது தாராளம்.