சுவரில்லாத மடம்

1988 ஜூன் 19 அன்று போப் இரண்டாம் ஜான் பால், வியட்நாமில் மதத்துக்காக உயிர்விட்ட 117 பேரைப் புனிதர்களாக அறிவித்தார். ஹனோய் அரசு ஆட்சேபம் தெரிவித்தது. பட்டியலில் பிஷப்புகள் உண்டு. பாதிரியார்கள், சிப்பாய்கள், வைத்தியர்கூட உண்டு. பெண் ஒரே ஒருவர்தான்: பாதிரியாருக்கு அடைக்கலம் தந்த குற்றத்துக்காக 1841-ல் சிறையில் இறந்த ஆக்னஸ் லே தி தான். அவர் ஆறு பிள்ளைகளின் தாய். கன்னியாஸ்திரி ஒருவர்கூட இல்லை.

இது விசித்திரம்தான். ஏனெனில் தலைமறைவாக இருந்த பாதிரியார்களுக்குச் சோறும் கடிதமும் சுமந்தவர்களில் கன்னியாஸ்திரிகள் கணிசம். அவர்கள் 'சிலுவையின் நேசர்கள்' சபையைச் சேர்ந்தவர்கள்.

சபையை நிறுவியவர் பியேர் லம்பேர் டி லா மோத் என்ற பிரெஞ்சு பிஷப். பாரசீகம், சூரத், மசூலிப்பட்டினம் என்று அலைந்து 1662-ல் சயாமின் அயுத்தயா போய்ச் சேர்ந்தவர். 1669-ல் வியாபாரி வேஷத்தில் வட வியட்நாமுக்குள் நுழைந்தபோது அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. மணம் செய்துகொள்ளாத பெண்கள் சிலர் ஏற்கனவே ஜெபமும் உழைப்புமாகச் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர் செய்ததெல்லாம் அந்த வாழ்க்கைக்கு ஒரு சட்டதிட்டம் எழுதித் தந்ததுதான். 1670 பிப்ரவரி 19, சாம்பல் புதனன்று ஆக்னஸ், பவுலா என்ற இருவர் வார்த்தைப்பாடு கொடுத்தனர். மறு ஆண்டு தெற்கிலும் சபை தொடங்கியது.

பிறந்த வீட்டில் தந்தைக்கு, புகுந்த வீட்டில் கணவனுக்கு, அவன் போனபின் மகனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பது வியட்நாமியப் பெண்ணுக்கு கன்ஃபூசியம் வகுத்த நெறி. மனுவை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்த மூவரில் யாருக்கும் கட்டுப்படாத பெண்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வது சமூகத்துக்கு உறுத்தல். ஐரோப்பாவுக்கும் அது புதுமையே: அங்கே அன்று கன்னியாஸ்திரி என்றால் பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டவர். இவர்களோ சிறுமிகளுக்குப் பாடம் சொன்னார்கள், நோயுற்ற பெண்களைக் கவனித்தார்கள், சாகக் கிடக்கும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், விபசாரத்தில் விழுந்த பெண்களை மீட்க முயன்றார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வயல், தறி, மருந்து வியாபாரம். சாதாரணக் கிராமத்து உடை. மருந்துக் கூடையோடு வரும் பெண்ணை எந்த வீட்டிலும் தடுக்க மாட்டார்கள். கூடைக்குள் கடிதம் இருப்பது யாருக்குத் தெரியும்?

மின் மாங் மன்னர் 1833-ல் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். து டுக் காலத்தில், 1861-ல், கிறிஸ்தவர்களைப் பிற மதத்தவர் கிராமங்களில் சிதறடித்து, முகத்தில் சூடு போட்டு முத்திரையும் குத்தினார்கள். மடங்கள் அழிந்தன. (மன்னர்களின் சந்தேகம் முற்றிலும் வீண் என்றும் சொல்ல முடியாது. பாதிரியார்களைக் காப்பாற்றுவதைக் காரணம் காட்டித்தான் பிரெஞ்சுக் கப்பல்கள் 1858-ல் டா நாங்கைத் தாக்கின.) பிரெஞ்சு ஆட்சியோடு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளும் நகரங்களுக்கு வந்தார்கள். உள்ளூர்ச் சகோதரிகள் கிராமங்களிலேயே இருந்தார்கள். இரண்டரை நூற்றாண்டு உழைப்புக்குப் பிறகும் சர்ச் சட்டம் இவர்களை முழுமையான கன்னியாஸ்திரிகளாக ஏற்கவில்லை. 1920களில்தான் அந்த அந்தஸ்து வரத் தொடங்கியது.

1954-ல் நாடு பிரிந்தபோது லட்சக்கணக்கான கத்தோலிக்கர்களுடன் பல மடங்களும் தெற்கே பெயர்ந்தன. 1975-க்குப் பின் தெற்கில் அவர்கள் நடத்திய பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் அரசின் கைக்குப் போயின. சகோதரிகள் மறுபடி வயலுக்கும் தறிக்கும் திரும்பினார்கள். அது அவர்களுக்குப் பழகிய வேலை. மன்னர்கள் காலத்தில் காப்பாற்றிய அமைப்பு கம்யூனிஸ்ட்கள் காலத்திலும் காப்பாற்றியது: சபைக்குத் தலைமையகம் கிடையாது, பொதுத் தலைவி கிடையாது, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் அதனதன் மடம் தன் காலில் நின்றது. ஒன்றைப் பூட்டினால் மற்றது விழாது.

1986-ல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் பிடி மெல்லத் தளர்ந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனிச் சபைகள் அதே பெயரில் இயங்குகின்றன. 1990களிலிருந்து அவர்களுக்குத் திரும்பக் கிடைத்த வகுப்பறை, மழலையர் பள்ளி.