தோட்டாப் பஞ்சமா, லாபப் பசியா?

அமெரிக்காவில் 2020-ம் ஆண்டு ஒரு விசித்திரமான பஞ்சம் வந்தது. துப்பாக்கித் தோட்டாப் பஞ்சம்! வார விடுமுறையில் குறிபார்த்துச் சுடப் போகிறவர்களும், மான் வேட்டைப் பருவத்துக்குக் காத்திருந்தவர்களும் கடைக்குக் கடை அலைந்தார்கள். அலமாரிகள் காலி. ஆளுக்கு ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று கடைக்காரர்கள் அளவு வைத்தார்கள். அதற்கு முன் 10 டாலர் சுமாருக்குக் கிடைத்த 50 தோட்டா அடங்கிய 9 மில்லிமீட்டர் பெட்டி, 2021 தொடக்கத்தில் 40 டாலருக்கும் அதற்கு மேலும் விற்றது.

"துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறவன் பாடு நமக்கு எதற்கு?" என்று தோழர்கள் கேட்கலாம். நாம் துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு சரக்கு சந்தையிலிருந்து மறைவதும், விலை நான்கு மடங்காவதும், முதலாளியின் பெட்டி நிரம்புவதும் எப்படி நடக்கிறது என்பது ஆலையிலும் வயலிலும் உழைக்கிற ஒவ்வொருவனும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அந்த மான் வேட்டைக்காரர்களிலும் பாதிப்பேர் கூலிக்கு உழைக்கிறவர்கள்தானே!

முதலாளித்துவப் பண்டிதர்கள் என்ன சொல்கிறார்கள்? "தேவை கூடியது, சரக்குக் குறைந்தது, விலை ஏறியது. இது பொருளாதார விதி" என்கிறார்கள். தேவை கூடியது உண்மைதான். கொள்ளைநோய்ப் பீதி, தெருக் கலவரப் பீதி, தேர்தல் பீதி எல்லாம் சேர்ந்து 2020-ல் லட்சோபலட்சம் பேரை முதல்முறையாகத் துப்பாக்கி வாங்க வைத்தன. இந்தப் பீதி வானத்திலிருந்து விழவில்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 பச்சிளங் குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு என்ன நடந்தது? "சட்டம் வரப்போகிறது, இப்போதே வாங்கிக்கொள்" என்று கிளம்பிய பீதியில் 2013-லும் தோட்டா கடைகளில் காணாமற்போனது. குழந்தைகளின் சாவுகூட வியாபாரத்துக்கு உரமாகிற சமுதாயம் அது!

சரி, தேவை கூடியது. உற்பத்தி ஏன் கூடவில்லை? இங்கேதான் பண்டிதர்கள் வாய் மூடிக்கொள்கிறார்கள்.

ரெமிங்டன் கதையைப் பாருங்கள். 1816-ல் தோன்றிய கம்பெனி. 2007-ல் செர்பரஸ் என்ற நிதிக் கம்பெனி அதை வாங்கியது. கடன் சுமை ஏறியது. 2018-ல் ஒரு திவால், 2020-ல் இன்னொரு திவால். நாடெங்கும் தோட்டா இல்லை என்று கூக்குரல் எழுந்த அதே நேரத்தில், ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் லோனோக் ஊரிலிருந்த ரெமிங்டன் தோட்டா ஆலை திவால் வழக்கில் சிக்கி முழு வேகத்தில் ஓடாமல் கிடந்தது. நியூயார்க் மாநிலத்தில் இலியன் துப்பாக்கி ஆலைத் தொழிலாளர் 585 பேர் 2020 அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலைநீக்க ஈட்டுத்தொகையும் இல்லை, சேர்ந்திருந்த விடுமுறைச் சம்பளமும் இல்லை!

தோட்டா ஆலையை வாங்கியது யார்? விஸ்டா அவுட்டோர். விலை 8 கோடியே 14 லட்சம் டாலர். ஃபெடரல், சிசிஐ என்ற கம்பெனிகள் முன்பே அதன் கையில் இருந்தன. தோட்டாவின் அடியில் அடிபட்டதும் தீப்பற்றுகிற சிறு கேப்பு இல்லாமல் தோட்டா வெடிக்காது. அந்தக் கேப்பைச் செய்கிற நான்கு பெரிய அமெரிக்கப் பெயர்களில் மூன்று இப்படி ஒரே முதலாளியிடம் சேர்ந்தன. நான்காவது வின்செஸ்டர், அது ஓலின் கம்பெனியின் சொத்து.

ஃபெடரல் கம்பெனித் தலைவர் 2020 கடைசியில், "நாங்கள் சரக்கைப் பதுக்கவில்லை" என்று படம்பிடித்து வெளியிட்டார். நாமும் பதுக்கினார்கள் என்று சொல்லவில்லை. பதுக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை! நாலு கடை முதலாளியும் இரண்டு பேராக இருந்தால் கிடங்கைப் பூட்ட வேண்டியதில்லை. விலைச்சீட்டை மாற்றினால் போதும். ஓலினின் வின்செஸ்டர் பிரிவு 2019-ல் ஈட்டிய லாபம் சுமார் 4 கோடி டாலர். 2021-ல் சுமார் 41 கோடி. பத்து மடங்கு! தொழிலாளியின் கூலி பத்து மடங்கானதா?

கூலி பற்றி வின்செஸ்டருக்குப் பழைய சரித்திரமும் உண்டு. 2010-ல் இல்லினாய் மாநிலத்து ஈஸ்ட் ஆல்டன் ஆலைத் தொழிலாளர்கள் கம்பெனி வைத்த கூலி நிபந்தனைகளை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். கம்பெனி என்ன செய்தது? சங்கபலம் குறைந்த மிஸிஸிப்பி மாநிலத்துக்கு சுமார் 1,000 வேலைகளைக் கொண்டு போய்விட்டது.

பின்னர் விலை இறங்கியது. பழைய நிலைக்கு முழுவதும் இறங்கவில்லை. 2024 நவம்பரில் விஸ்டா தன் தோட்டா ஆலைகளை எல்லாம் செக் நாட்டு ஆயுதக் கம்பெனியான சிஎஸ்ஜிக்கு 222 கோடி டாலருக்கு மேல் விற்றது. விற்றவன் கொழுத்தான். ஆலையில் ஈயத்தோடும் வெடிமருந்தோடும் நாள் முழுதும் போராடுகிறவனை யாரும் கேட்கவில்லை.

தோழர்களே! அரிசியானாலும் நூலானாலும் தோட்டாவானாலும், "பஞ்சம்" என்று முதலாளி அறிவித்தால் உடனே நம்பிவிடக் கூடாது. ஆலை யார் கையில்? எத்தனை பேர் கையில்? விலை ஏறிய ஆண்டில் லாபம் எவ்வளவு, கூலி எவ்வளவு? கணக்கைக் காட்டு என்று சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டும். கணக்குப் புத்தகம் திறக்கும்போதுதான் பஞ்சத்தின் உண்மையான முகம் வெளியே வரும்!