கையெழுத்துக்காகக் காத்திருக்கும் உயிர்

ஐந்தரை மாதத்தில் பனிக்குடம் உடைந்து, காய்ச்சலும் கண்டுவிட்ட ஒரு பெண்ணுடன் மருத்துவமனை வாசலில் ஓர் இரவு முழுக்க நின்றோம். காலனியைச் சேர்ந்த விவசாயக் கூலி. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை. கருவைக் கலைத்து உயிரைக் காப்பாற்றச் சொன்னார். "புருஷன் கையெழுத்து வேணும், இருபது வாரம் தாண்டிடுச்சு, ரெண்டு டாக்டர் சொல்லணும்" என்றார்கள். கணவர் திருப்பூரில் வேலையில் இருந்தார். 'எந்தத் தெரு?' என்பதை மட்டும் உடனே விசாரித்தார்கள். விடிந்தபின் வேறு மருத்துவமனையில்தான் அவர் பிழைத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் தேவை. ஆனால் தாயின் உயிரைக் காக்க உடனடியாகக் கலைத்தே ஆகவேண்டும் என்று பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கருதினால், வார வரம்பும் இரு மருத்துவர் நிபந்தனையும் பொருந்தாது. இது சட்டத்தின் 5ஆம் பிரிவு.

2012இல் அயர்லாந்தில் கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா, கருச்சிதைவின்போது கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, நோய்த்தொற்றால் இறந்தார். அந்நாட்டு மக்கள் 2018இல் வாக்களித்து அரசியல் சட்டத்தையே மாற்றினார்கள். அங்கே தடுத்தது சட்டம். இங்கே சட்டம் அனுமதித்தும், அதைப் படிக்காத அலட்சியமும் காலனிப் பெண்ணின் வார்த்தையை மதிக்காத மனமும் தடுக்கின்றன. பணமுள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவார். ஒருநாள் கூலியை இழந்து வருகிறவர் எங்கே போவார்?

பிள்ளைப்பேற்றைப் பெண் தீர்மானிக்க வேண்டும் என்பது நமக்கு இரவல் கருத்தல்ல. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவான தீர்மானத்தின் பின்னால் நின்றவர் அண்ணல் அம்பேத்கர். அன்று அது தோற்கடிக்கப்பட்டது.

நாம் கேட்பது புதுச் சட்டமல்ல. 5ஆம் பிரிவைத் தமிழில் எழுதி ஒவ்வொரு பிரசவ வார்டிலும் ஒட்டுங்கள். கணவர் கையெழுத்து கேட்பதை நிறுத்தச் சுற்றறிக்கை அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். கருவைச் சுமப்பதா, கலைப்பதா என்பது அவள் முடிவு. அதைக் கேட்ட நேரத்தில் நிறைவேற்றுவது மருத்துவமனையின் கடமை.