மேசனுக்குக் கொடுக்கும் முதற் பணம்

வயலை நம்பிச் சீவிக்கும் குடும்பத்துக்கு வீட்டு வேலை செய்யக் கிடைப்பது வருடத்தில் சில மாதங்கள்தான். பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் பங்குனி, சித்திரையில் தொடங்கினால், ஐப்பசி மழை விழுமுன் கூரை ஏறிவிட வேண்டும். இடையில் மேசன் வராமல் விட்டால் அந்த வருடம் போய்விடும். யுத்த காலத்தில் சாகாமம், தங்கவேலாயுதபுரம் பக்கங்களில் இருந்து எழுந்து போய்த் திரும்பிய குடும்பங்களுக்கும், இன்னும் திருக்கோவில் பக்கத்தில் உறவினர் வளவுகளில் இருந்துகொண்டு பழைய வீட்டைத் திருத்திப் போக எண்ணுகிறவர்களுக்கும் இது தெரியாத விடயமல்ல. ஆனாலும் மேசனைத் தெரிவு செய்வதில் எமது மக்கள் காட்டும் அவசரம் எம்மைக் கவலைப்பட வைக்கிறது. விதைநெல் வாங்க நாலு இடத்தில் விசாரிக்கிறோம். உழவு மெசினுக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். வாழ்நாளில் ஒருமுறை வரும் வீட்டுப் பணத்தை மட்டும் "நம்மட ஆள்தானே" என்று ஒருவர் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறோம்.

செய்த வேலையின் அளவுக்குப் பணம் வாங்கச் சம்மதிப்பவரே நம்பிக்கையான மேசன் என்பது எமது கருத்து. பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்பவர், பெரும்பாலும் அதைக்கொண்டு வேறொருவரின் வீட்டை முடிக்கப் போகிறார். அவரைக் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை, அவரும் கடன்காரர்தான். மூன்று இடத்தில் வேலையைத் தொடங்கி, ஒன்றின் காசில் மற்றதை நகர்த்துவது இத்தொழிலில் நடக்கிற காரியம். கடைசியாகக் காசு கொடுத்தவரின் வீடுதான் நடுவில் நின்றுவிடுகிறது.

உதவித் திட்டங்கள் பணம் தந்த முறையை இங்கு நினைத்துப் பார்ப்பது நல்லது. 2004 சுனாமிக்குப் பின் முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும், பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபாவும் தவணை தவணையாகவே கொடுக்கப்பட்டன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கின் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக் கம்பனி கட்டியது. அதன்பின் 2012 ஒக்டோபர் 2ஆந் திகதி தொடங்கிய பெரிய கட்டத்தில் முறை மாறியது. புது வீட்டுக்கு 550,000 ரூபா, திருத்த வேலைக்கு 250,000 ரூபா என்று பணம் நேரே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போனது. மேசனைத் தேடுவதும் கணக்குப் பார்ப்பதும் குடும்பத்தின் பொறுப்பாயிற்று. இந்த மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். தன் வீட்டுக்குத் தானே எசமானாக இருக்கும் உரிமை ஏழைக்கும் உண்டு. ஆனால் இதில் ஒரு பொறியும் உண்டு. அத்திவாரம் முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்த பின்தான் அடுத்த தவணை வரும். முதல் தவணையை முழுதாக மேசனிடம் கொடுத்து, அவர் பாதி அத்திவாரத்தோடு போய்விட்டால் இரண்டாவது தவணையும் வராது. பிறகு காதில் கழுத்தில் கிடப்பதை அடகு வைத்துத்தான் வீட்டை எழுப்ப வேண்டிவரும். வேலை நடந்த பின் பணம் என்று அரசாங்கமே உங்களிடம் சொல்லும்போது, அதையே நீங்கள் மேசனிடம் சொல்வதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

சேதமான வீட்டைத் திருத்துவது புது வீடு கட்டுவதிலும் பார்க்கக் கஷ்டமான வேலை. வெறும் நிலத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பல வருடம் ஆளில்லாமல் கிடந்த சுவரின் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. ஆகவே, வந்து பார்க்கும் மேசன் முதலில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வாசலில் நின்றபடியே "எல்லாத்தையும் உடைச்சுக் கட்டுவம்" என்பவரும் வேண்டாம், "மேலால பூசினால் சரி" என்பவரும் வேண்டாம். தெரிந்தவர் வெடிப்பைச் சுரண்டிப் பார்ப்பார். அது பூச்சில் மட்டும் நிற்கிறதா, கல்லையும் பிளந்து போகிறதா, மூலையில் இருந்து சரிவாக ஏறுகிறதா என்று பார்ப்பார். சரிவாக ஏறினால் அத்திவாரம் இறங்கியிருக்கக்கூடும்; அதன்மேல் பூசுவது காசை மண்ணில் கொட்டுவதே. லிண்டலைத் தட்டிப் பார்ப்பார். உள்ளே கம்பி கறள் பிடித்து ஊதினால் கொங்கிறீற் வெடித்துக் கழரும். வளையையும் கைமரத்தையும் கத்தி முனையால் குத்தி, கறையான் அரித்திருக்கிறதா என்று பார்ப்பார். சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் மேலால் வெட்டினால் போதாது, வேர் போன இடத்தைத் திறக்க வேண்டும் என்பார். யானை இடித்த மூலை என்றால், நெல் மூடையை எங்கே அடுக்கியிருந்தீர்கள் என்றும் கேட்பார். திரும்பவும் அதே அறையில் நெல்லை வைத்தால் எந்த மேசனாலும் அந்தச் சுவரைக் காப்பாற்ற முடியாது. உடைந்ததைப் படம் பிடித்து, கிராம உத்தியோகத்தருக்கும் காட்டிய பிறகே கை வையுங்கள். நட்டஈடு கேட்கப் போகும்போது திருத்திய சுவரைக் காட்டிப் பயனில்லை.

அவர் வேலை செய்த வீடொன்றையும் போய்ப் பாருங்கள். போன மாதம் முடித்த வீட்டைக் காட்டுவார். அது போதாது, எந்தப் பூச்சும் ஒரு மாதத்துக்கு அழகாகத்தான் இருக்கும். இரண்டு மாரி கண்ட வீட்டைக் கேளுங்கள். அந்த வீட்டுப் பெண்ணிடம் கூரை எங்கே ஒழுகுகிறது, மேசன் எத்தனை நாள் வராமல் நின்றார் என்று விசாரியுங்கள். அவர் அக்கரைப்பற்றுச் சகோதரரா, திருக்கோவில் சொந்தக்காரரா என்பதை இரண்டாவதாக வையுங்கள். சொந்தக்காரரிடம் கணக்குக் கேட்பது சில வேளைகளில் அந்நியரிடம் கேட்பதைவிடக் கடினம்.

சாமான்களை நீங்களே வாங்கி, கூலியை மட்டும் கொந்தராத்துப் பேசுவதே நல்லதென்று நாம் நினைக்கிறோம். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் நின்ற 50 கிலோ சீமெந்து மூடை, 2022இல் மூவாயிரத்துக்குப் போனது. சாமானோடு சேர்த்து ஒரே விலை பேசியவர் அப்படியொரு நிலையில் வேலையை விட்டு ஓடுவார், அல்லது சீமெந்தைக் குறைப்பார். ஓடுவதிலும் பார்க்கக் குறைப்பது ஆபத்து. அது மாரியில்தான் தெரியவரும். கடற்கரை மணல் கிட்ட இருக்கிறது, மலிவு என்று யாரும் சொன்னால் விடாதீர்கள். அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்னும், பூச்சைப் பொரிய வைக்கும். கல் அரிந்தாலும் பூசினாலும் குறைந்தது ஒரு கிழமைக்குத் தண்ணீர் விட வேண்டும். அதை மேசன் செய்வார் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் வாளியோடு நிற்க வேண்டிய வேலை அது.

பேசியதை ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு, எந்த மாதத்துக்குள் கூரை என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டு, இரண்டு சாட்சி வைத்தால் போதும். மொத்தக் கூலியில் நூற்றுக்குப் பத்தை முதல் பெருமழை பெய்யும் வரைக்கும் பிடித்து வைக்கச் சம்மதம் என்பதையும் அதிலே சேருங்கள். நல்ல மேசன் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. ஆனால் தாளில்லாமல் போனால் உங்கள் சொல்லுக்கு அவர் சொல் என்றுதான் நிற்கும்.

கணவனை இழந்த, அல்லது காணாமல் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்களின் பெயரில் பல வீடுகள் இருக்கின்றன. மேசன் அவர்களுடைய தம்பியோடும் மாமனோடும் பேசிவிட்டுப் போகிறார். இது சரியல்ல. காசு யார் பெயரில் வருகிறதோ அவர் கையாலேயே கொடுபட வேண்டும், கொப்பியும் அவரிடமே இருக்க வேண்டும்.

தனிக் குடும்பமாக இதையெல்லாம் செய்வது கஷ்டம் என்பதை நாம் அறிவோம். ஆகையால் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறோம். ஊரில் வேலை செய்த மேசன்மார், ஓடாவிமார் பெயர்களையும், யார் வீட்டில் என்ன வேலை, எப்போது தொடங்கி எப்போது முடித்தார் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அரைகுறையாக விட்டுப் போன வேலையையும் எழுதுங்கள், அதற்கு மேசன் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். பங்குனி மாதக் கூட்டத்துக்கு முன் அந்தக் கொப்பி தயாராக இருந்தால், இந்த வருடம் கூரை போட இருப்பவர்களுக்கு உதவும்.