ஆர்எம் மைனஸ் ஐ என்னும் தாயத்து

மக்களே, கமாண்ட் லைன்ல யாராவது முக்கியமான ஃபைலைத் தெரியாம அழிச்சிட்டா, நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துல உடனே ஒரு பரிகாரம் சொல்லுவாங்க. "ஆர்எம்முக்கு ஏலியாஸ் போட்டு ஆர்எம் மைனஸ் ஐ-ன்னு மாத்திக்கோப்பா, அழிக்கிறதுக்கு முன்னாடி கேக்கும்." ரெட்ஹேட் லினக்ஸ்ல ரூட் கணக்குக்கு இதைப் பல வருஷம் தானாகவே போட்டும் கொடுத்தார்கள். இதைத்தான் தாயத்து என்கிறேன். கட்டினவனுக்குத் தைரியம் வரும், பேய் அது பாட்டுக்கு வரும்.

ஏன்னு சொல்றேன். மைனஸ் ஐ, மைனஸ் எஃப் ரெண்டும் ஒண்ணா வந்தால் கடைசியாக வந்ததுதான் செல்லும். நீங்க 'ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்' அடிச்சா, ஏலியாஸ் அதை 'ஆர்எம் மைனஸ் ஐ மைனஸ் ஆர்எஃப்' என்று ஆக்கும். எஃப் பின்னாடி வருது, அதனால ஒரு கேள்வியும் கிடையாது. ஒத்தை ஃபைலுக்குக் குறுக்கே நின்னு விசாரிக்கிற வாட்ச்மேன், மொத்த டைரக்டரியையும் லாரி வச்சு அள்ளுறவனுக்கு கேட்டைத் திறந்து விடுறார்! முன்னாடி சூடோ போட்டாலும் சாதாரணமாக இந்த ஏலியாஸ் வேலைக்கு வராது. ஸ்கிரிப்டுக்குள்ளயும் அப்படித்தான். பெரிய சேதம் எல்லாம் வர்றது இந்த மூணு வழியாகத்தானே சாமி?

கேக்குற இடத்துலயாவது காப்பாத்துமா? நாப்பது ஃபைலுக்கு நாப்பது தடவை கேட்டா, அஞ்சாவதுக்கு மேல யார் படிக்கிறாங்க? விரல் தானா 'ஒய்' தட்டிக்கிட்டே போகும்.

2011-ல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், அழிக்க வேண்டிய பாதைக்கு நடுவே ஒரே ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்துவிட்டது. மொத்த யூஎஸ்ஆர் டைரக்டரியும் காலி. 2015-ல் லினக்ஸுக்கான ஸ்டீம் ஸ்கிரிப்டில் ஒரு வேரியபிள் காலியாக இருந்தது. மிஞ்சினது ஸ்லாஷும் நட்சத்திரமும். வெறும் ஸ்லாஷ் என்றால் குனு ஆர்எம் மறுத்துவிடும். ஆனால் நட்சத்திரத்தை ஷெல் முன்னாடியே விரித்துக் கொடுத்துவிடுகிறது. பயனருக்கு அழிக்க உரிமை இருந்த ஃபைலெல்லாம் போச்சு. இதுல எந்த ஏலியாஸ் வந்து என்ன பண்ணும்?

அடுத்த பரிகாரம் இன்னும் மோசம்: "கவனமா இருக்கணும் தம்பி." 2017 ஜனவரி 31 ராத்திரி கிட்லேப்-ல அனுபவசாலி ஒருத்தர், ரெண்டாம் நிலை சர்வரில் அடிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அடித்துவிட்டார். சட்டென்று நிறுத்தியும், சுமார் 300 ஜிபி-யில் மிஞ்சியது 4.5 ஜிபி. வைத்திருந்த பேக்கப் வழிகள் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்னாடி வேறு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. 1998-ல் பிக்ஸாரின் 'டாய் ஸ்டோரி 2' படக் கோப்புகள் அழிந்தபோதும் பேக்கப் காலை வாரியது. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனிடம் ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். ரெண்டு இடத்துலயும் காப்பாத்தினது கவனம் இல்லைங்க, இன்னொரு இடத்தில் இருந்த பிரதி.

நான் முன்னாடி குப்பை கொட்டின ஒரு கம்பெனியில், சேர்ந்து மூணே மாசம் ஆன பையன் சூடோ போட்டு டெஸ்ட் டேட்டாவை வழிச்சுட்டான். டீம் மொத்தத்துக்கும் சிசி போட்டு அவனுக்கு அர்ச்சனை. சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் ஏலியாஸ் போடணும்னு உத்தரவு வேற! அவன் அடிச்சது சூடோ ஆர்எம் மைனஸ் ஆர்எஃப். அந்த ஏலியாஸ் முன்னாடியே இருந்திருந்தாலும் ஒரு மயிரும் நடந்திருக்காது. அவனுக்கு எதுக்கு ரூட் கொடுத்தீங்க, பேக்கப் ஏன் இல்லைன்னு ஒருத்தரும் கேக்கலை. கேட்டா பதில் சொல்ல வேண்டியது யாருன்னு அவங்களுக்கே தெரியும்ல?

உருப்படியா செய்யணும்னா வழி இருக்கு. அதே பேட்டர்னை முதல்ல எல்எஸ் போட்டுப் பாருங்க, அப்புறம் ஆர்எம். டிராஷ்-சிஎல்ஐ போட்டு, அதன் சொந்தப் பேரிலேயே பழகுங்க. ஆர்எம்னு பேர் வச்சா, அது இல்லாத சர்வரில் கை ஏமாறும். பாஷ்ல 'செட் மைனஸ் ஓ நோகிளாபர்' போட்டால், ரீடைரக்ட் பண்ணும்போது பழைய ஃபைல் மேல் எழுதாது. ஸ்கிரிப்டில் அழிக்கும் முன், வேரியபிள் காலியான்னு பார்த்து நிறுத்துங்க. தேவையில்லாதவங்களுக்கு ரூட் கொடுக்காதீங்க.

மேனேஜர் பெருமக்களே, உங்க பேக்கப்லேர்ந்து ஒரே ஒரு ஃபைலை இன்னிக்கு மீட்டுக் காட்டச் சொல்லுங்க. வரலைன்னா, அடுத்த தடவை சிசி போட்டுத் திட்ட வேண்டியது அந்தப் பையனை இல்லை.

சரி, ஆணி கூப்பிடுது. வர்ட்டா!