கீறல் எல்லாம் வெரைட்டி இல்லீங்கண்ணா!

ஆஸ்திரேலியப் பழைய செப்புக்காசு சேர்க்கிற நண்பர்கள் சிலர் இதைப் படிச்சிட்டு என் மேல கோவப்படலாம். பட்டுக்கோங்க. யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்.

ஏலத் தளங்கள் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்க. 1964 பென்னி ஒண்ணு இருக்கும். கோடிக்கணக்குல அடிச்சுத் தள்ளின காசு. கங்காரு முதுகுல மயிரிழை மாதிரி ஒரு கோடு. உடனே 'அபூர்வ வெரைட்டி'ன்னு ஒரு பட்டம், ஒரு செல்லப்பேரு, கூடவே பல மடங்கு விலை. இந்தப் பொழப்பைத்தான் நான் கேள்வி கேக்கறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஆஸ்திரேலியாவுக்காக 1911ல இருந்து 1964 வரைக்கும் பென்னி, அரைப் பென்னின்னு ரெண்டு வெண்கலக் காசு அடிச்சாங்க. 97 சதவீதம் செம்புங்கறதால நம்மாளுங்க செப்புக்காசுன்னே சொல்லுவாங்க. பென்னி 9.45 கிராம், உள்ளங்கையில வச்சா கனம் தெரியும். 1938ல இருந்து பென்னியில கங்காரு வந்துச்சு. 1966 பிப்ரவரி 14ல டாலர், சென்ட் வந்ததும் இதுக்கெல்லாம் ஓய்வு.

இப்ப வெரைட்டின்னா என்ன? காசை அடிக்கிற அச்சுலயே இருக்கற வித்தியாசம். ஒருத்தர் வேணும்னு செஞ்சிருக்கணும், இல்லேன்னா அச்சு தயாரிக்கும்போதே நடந்திருக்கணும். அந்த அச்சுல அடிச்ச எல்லாக் காசுலயும் அது தெரியணும். அம்புட்டுதான்.

உதாரணம் வேணுமா? 1912ல பர்மிங்காம் ஹீட்டன் ஆலையில அடிச்ச பென்னியில 'ஹெச்'னு ஒரு எழுத்து இருக்கும். 1916, 1917, 1918 மூணு வருஷமும் ஆஸ்திரேலியப் பென்னி அடிச்சது நம்ம கல்கத்தா நாணயச்சாலை. அதுக்கு அடையாளம் 'ஐ'. 1919, 1920 பென்னியில எழுத்துக்கு மேலயும் கீழயும் இருக்கற சுருள் அலங்காரத்தை ஒட்டி ஒரு குட்டிப் புள்ளி இருக்கும். மேலயா, கீழயா, ரெண்டு இடத்துலயுமா, இல்லவே இல்லையாங்கறதை வச்சு ஆளுங்க வகை பிரிக்கிறாங்க. 1931ல கடைசி '1' கொஞ்சம் கீழ இறங்கி நிக்கிற காசு உண்டு. 1933ல '3'க்கு அடியில பழைய '2' எட்டிப் பாக்கற காசு உண்டு. இதெல்லாம் சுத்தமான வெரைட்டி. யாரும் வாய் திறக்க முடியாது.

இதுல எனக்குப் பிடிச்சது 1916 அரைப் பென்னி. கல்கத்தாவில் யாரோ அச்சை மாத்தி மாட்டிட்டாங்க. ஒரு பக்கம் ஆஸ்திரேலிய அரைப் பென்னி, இன்னொரு பக்கம் இந்தியக் கால் அணாவோட ராஜா தலை. ரெண்டு காசும் கிட்டத்தட்ட ஒரே அளவுங்கறதால மெஷினுக்கு வித்தியாசம் தெரியலை. லத்தீன்ல இருக்க வேண்டிய பட்டப்பேரு இங்கிலீஷ்ல இருக்கு. அந்த ஒத்தை காசுக்குள்ள ஒரு யுத்தகால ஆலையோட அவசரமே இருக்கு பாருங்க!

இப்ப இதுக்குப் பக்கத்துல அந்தக் கங்காரு முதுகுக் கோட்டை வைங்க. அது அச்சு அடிபட்டு அடிபட்டுக் களைச்சுப்போய் விட்ட விரிசல். அச்சு இரும்புதானே, விரிசல் விடத்தான் செய்யும். பொட்டி தட்டறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, வெர்ஷன் மாறுறது வேற, சர்வர் சூடாகி மூச்சு வாங்குறது வேற. மூச்சு வாங்குன ஒவ்வொரு தடவைக்கும் புது வெர்ஷன் நம்பர் கொடுத்தா மேனேஜர் என்ன சொல்லுவார்?

விரிசலாவது ஆலைக்குள்ள நடந்தது. அதுக்கும் கீழே ஒரு கூட்டம் இருக்கு. ரெண்டு காசை வைஸ்ல வச்சு நசுக்கிட்டு 'தலைகீழ் அச்சு'ன்னு விக்கிறவங்க. அடிக்கும்போது அச்சு லேசா ஆடினதால வந்த நிழலை 'இரட்டை அச்சு'ன்னு விக்கிறவங்க. நாப்பது வருஷம் பல சட்டைப்பையில தேஞ்ச 1920 பென்னியைக் காட்டி 'பாருங்க, புள்ளி இல்லாத வகை'ன்னு சொல்றவங்க. அண்ணே, அதுல ராஜாவோட மீசையே இல்லை, புள்ளி எங்கிருந்து இருக்கும்?

"பொழுதுபோக்குதானே, அவனவன் இஷ்டம். எது வெரைட்டின்னு சொல்ல நீ யாரு?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். விரிசல் காசு சேர்க்கிறது தப்பே இல்லை. ஒரே அச்சு எப்படிப் படிப்படியா உடையுதுன்னு வரிசையா சேர்த்தா அது அருமையான சேகரிப்பு. ஆனா அதை விரிசல்னு சொல்லி வில்லுங்க. விரிசல் விலைக்கு வில்லுங்க. பேரை மாத்தறதுதான் திருட்டு.

காசு போனா போகட்டும், அதைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. 1930 பென்னி கேள்விப்பட்டிருப்பீங்க. மெல்பர்ன்ல சுமார் 1,500 அடிச்சிருக்கலாம்னு மதிப்பீடு, ஆஸ்திரேலியக் காசுகள்லயே பேர்போனது. வேற வருஷக் காசுல ஒத்தை எண்ணைச் செதுக்கி 1930 ஆக்கின போலிகளும் ஏராளம். அதைப் பிடிக்க உதவறது எது? வகை பிரிக்கிற அறிவு. தலைப்பக்கத்துல 'ஓஎம்என்'னு இருக்கும். அந்தக் கடைசி எழுத்தோட கடைசிக் கோடு ஓரத்து மணிக்கு நேரா நிக்குதா, ரெண்டு மணிக்கு நடுவுல நிக்குதாங்கறதை வச்சு லண்டன் அச்சா, இந்திய அச்சான்னு பிரிப்பாங்க. உண்மையான 1930 காசுகள்ல பெரும்பாலும் இந்திய அச்சுதான். லண்டன் அச்சு வந்தா உடனே மணி அடிக்கணும், ரெண்டாவது தடவை பாக்கணும். பல சேகரிப்பாளர்கள் லென்ஸோட உக்காந்து, சாதாரணக் காசுகளைப் பொறுமையா ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்ச விஷயம் இது. அந்தப் பட்டியல்ல நாம குப்பையைக் கொட்டினா, நாளைக்குப் புதுசா வர்ற பையன் எது அச்சு, எது அழுக்குன்னு எப்படிக் கத்துப்பான்? ரெண்டு தடவை ஏமாந்துட்டு ஸ்டாம்ப் சேர்க்கப் போயிடுவான்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க. இதே வித்தியாசம் இன்னொரு காசுலயும் இருக்கா? இது அச்சுல வந்ததா, அடிச்சப்புறம் வந்ததா? பத்து மடங்கு லென்ஸ்ல பேரு தெரியாத மூணாவது ஆளுக்கும் இது தெரியுமா? மூணுல ஒண்ணுக்கு விக்கிறவர் மழுப்பினாலும் பர்ஸை மூடிட்டு நடையைக் கட்டுங்க. அவர் கோவிச்சுப்பார். கோவிச்சுக்கட்டும், உங்க சம்பளம் உங்க பாக்கெட்லயே இருக்கும்.

டிஸ்கி: வெரைட்டி தெளிவாத் தெரியணும்னு செப்புக்குடம் விளக்கற மாதிரி புளி போட்டுக் காசைத் தேய்க்கிற புண்ணியவான்களே, தயவுசெஞ்சு நிறுத்துங்க. பளபளன்னு ஆகும், வாஸ்தவம்தான். கூடவே நூறு வருஷமா அதுமேல படிஞ்ச நிறமும், அதோட மதிப்பும் புளித்தண்ணியோட போயிடும்.